துருப்பிடித்த தோசைக்கல்லை மீட்டெடுக்கும் முறை: இரத்தசோகை உள்ள குடும்பங்களுக்குச் சில விளக்கங்கள்

இரத்தசோகைக்கு மருத்துவம் பெற வருவோரில் பலர், மருந்துச்சீட்டைப் பெற்றுக்கொண்டு எழும் வேளையில் ஒரு கேள்வியைக் கேட்பதுண்டு: "பரணில் பாட்டி காலத்து இரும்புத் தோசைக்கல் துருப்பிடித்துக் கிடக்கிறது. அதைத் தேய்த்துப் பயன்படுத்தினால் இரத்தம் ஊறுமா?" வேறு சிலர் நேர்மாறாக, துருப்பிடித்த பாத்திரத்தில் சமைத்த உணவு நஞ்சாகிவிடும் என்று அஞ்சிப் பழைய இரும்புக்கடைக்குப் போட்டுவிடுகின்றனர். நம்பிக்கை, அச்சம் ஆகிய இரண்டிலும் ஓரளவு உண்மையும் ஓரளவு மிகையும் உண்டு. அவற்றைப் பிரித்துக் காட்டுவதும், துருவைப் பாதுகாப்பாக நீக்கும் முறையைச் சொல்வதும் இக்கட்டுரையின் நோக்கம்.

இது சிலருக்கு மட்டும் உரிய செய்தியன்று. 2019-21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. அதாவது, இரண்டு பெண்களில் ஒருவருக்கு இக்குறை இருக்கிறது.

துரு எவ்வாறு உண்டாகிறது?

இரும்பு, காற்றில் உள்ள ஆக்சிஜன், ஈரம் ஆகிய மூன்றும் சேரும்போது உண்டாவதே துரு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளின் வாகனத் தொழிற்சாலைகளில் பணிபுரிவோர் இதை அன்றாடம் காண்பர். மழையில் நனைந்து நின்ற காரின் பிரேக் டிஸ்க்கில் மறுநாள் காலையில் செம்மஞ்சள் நிறப் படலம் படர்ந்திருக்கும். அந்த டிஸ்க்கும் நம் வீட்டுத் தோசைக்கல்லும் பெரும்பாலும் ஒரே வகை உலோகமான வார்ப்பிரும்பால் ஆனவை. டிஸ்க்கில் படிந்த துரு இரண்டு முறை பிரேக் பிடித்தால் உராய்ந்து போய்விடும். பரணில் கிடக்கும் கல்லில் அது ஆண்டுக்கணக்கில் வளர்கிறது.

அன்றாடம் புழங்கும் தோசைக்கல் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதன் மேலுள்ள கரிய படலம். சூடான இரும்பின்மேல் எண்ணெய் மெல்லியதாகப் படியும்போது, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியான பூச்சாக மாறுகின்றன. 'பழகிய கல்' என்று நம் வீடுகளில் சொல்வது இதைத்தான். தோசை ஒட்டாமல் எழும்புவதும், ஈரம் இரும்பைத் தீண்டாமல் இருப்பதும் இப்பூச்சினால்தான். எனவே துருப்பிடித்த பாத்திரத்தை மீட்பது என்பது இரண்டு வேலைகளைக் கொண்டது: துருவை முழுவதும் நீக்குதல், பிறகு கல்லை மீண்டும் பழக்குதல். முதல் வேலையை மட்டும் செய்து நிறுத்தினால், சில மணி நேரத்திலேயே துரு திரும்பி வரும்.

துரு நஞ்சா?

உடல்நலமுள்ள ஒருவரின் உணவில் தவறுதலாகச் சிறிதளவு துரு கலந்துவிட்டால் தீங்கு நேர்வதில்லை. துரு என்பது இரும்பின் ஆக்சைடு. குடல் அதை மிகக் குறைவாகவே உறிஞ்சும். எஞ்சியது மலத்துடன் வெளியேறிவிடும். இதே காரணத்தால், துருவைச் சாப்பிட்டால் இரத்தம் ஊறும் என்பதும் சரியன்று. உணவின் சுவையையும் நிறத்தையும் துரு கெடுக்கும் என்பதால் அதை நீக்கிய பின்னரே சமைக்க வேண்டும்.

துருப்பிடித்த இரும்பு கீறினால் 'ரணஜன்னி' எனப்படும் டெட்டனஸ் வரும் என்ற அச்சமும் பரவலாக உள்ளது. அந்நோயை உண்டாக்குவது மண்ணிலும் சாணத்திலும் வாழும் ஒரு பாக்டீரியா, துரு அன்று. ஆயினும் பரணிலும் கொல்லைப்புறத்திலும் கிடந்த பொருளில் மண் ஒட்டியிருக்கக்கூடும். அதைக் கழுவும்போது கையில் ஆழமாக வெட்டுப்பட்டால், காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு நன்கு கழுவிவிட்டு, தடுப்பூசி தேவையா என்பதை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

எதை மீட்கலாம், எதைக் கைவிட வேண்டும்?

முதலில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அது இரும்பு அன்று. இங்குச் சொல்லப்படும் முறைகள் அதற்குப் பொருந்தா. அடுத்து, பாத்திரத்தை ஒரு கையில் தொங்கவிட்டு மரக்கரண்டியால் தட்டுங்கள். நல்ல வார்ப்பிரும்பு மணிபோல் ஒலிக்கும். ஒலி மந்தமாக இருந்தால் விரிசல் இருக்கக்கூடும். விரிசல் கண்ட பாத்திரம் சூடேறும்போது உடைந்து கொதிக்கும் எண்ணெய் சிந்தலாம் என்பதால் அதைப் பயன்படுத்தக் கூடாது.

பாத்திரத்தின்மேல் பெயிண்ட் பூசப்பட்டிருந்தாலோ, முன்பு என்ன பயனுக்கு இருந்தது என்று தெரியாத பழைய பொருளாக இருந்தாலோ அதைச் சமையலுக்குக் கொள்ள வேண்டாம். பழைய பெயிண்டில் காரீயம் இருக்கக்கூடும். காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கல்லில் ஊசிமுனை அளவுக்குச் சிறு குழிகள் இருந்தால் கவலையில்லை. பூச்சு அவற்றை மூடிவிடும். தகடாக உரிந்து வரும் அளவுக்குத் துரு அரித்திருந்தால் கைவிடுவதே நல்லது.

அடையாற்றங்கரையிலும் செம்பரம்பாக்கம் ஏரியைச் சுற்றியும் வாழ்வோருக்கு 2015 டிசம்பர் வெள்ளம் நினைவில் இருக்கும். வெள்ளநீரில் மூழ்கிய பாத்திரத்தில் துருவை விடப் பெரிய சிக்கல் கழிவுநீர்க் கிருமிகள். அத்தகைய பாத்திரத்தை முதலில் சோப்பிட்டுக் கழுவி, நீரில் முழுவதும் மூழ்கவைத்துச் சில நிமிடங்கள் கொதிக்கவிட வேண்டும். பிளீச்சிங் பவுடர் கரைசலில் இரும்பை ஊறவைக்க வேண்டாம்; அது இரும்பை மேலும் அரிக்கும்.

துருவை நீக்கும் முறை

இலேசான துருவுக்குக் கல்லுப்பே போதும். ஒரு கைப்பிடி கல்லுப்பையும் சில துளி எண்ணெயையும் கல்லின்மேல் இட்டு, பாதியாக வெட்டிய உருளைக்கிழங்கால் அல்லது தேங்காய் நாரால் அழுத்தித் தேயுங்கள். உப்பு பழுப்பு நிறமானதும் கொட்டிவிட்டுப் புது உப்பிட்டு மீண்டும் தேயுங்கள்.

துரு தடித்திருந்தால் புளி உதவும். பித்தளைக்குப் புளி போட்டுத் தேய்ப்பதைப் போன்றதே இதுவும். எலுமிச்சை அளவு புளியை வெந்நீரில் கரைத்து, அக்கரைசலைக் கல்லின்மேல் ஊற்றி ஊறவிடுங்கள். சமையல் வினிகர் இருந்தால் சம அளவு நீர் கலந்து பயன்படுத்தலாம். அமிலம் துருவைத் தளரச் செய்யும். ஆனால் துரு தீர்ந்த பின் அதே அமிலம் நல்ல இரும்பையும் அரிக்கத் தொடங்கும். ஆகையால் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துத் தேய்த்துப் பார்க்க வேண்டும். இரவு முழுவதும் ஊறவிடக் கூடாது. வடிகஞ்சியிலும் அரிசி கழுவிய நீரிலும் ஊறவைக்கும் நம் பழைய வழக்கம் இதே வேலையை மெதுவாகச் செய்கிறது: புளித்த கஞ்சியின் இலேசான அமிலம் துருவை இளக்குகிறது. எனினும் கஞ்சியில் ஊறுவதால் கல் பழகிவிடுவதில்லை. அதற்கு எண்ணெயும் சூடும் தேவை.

ஊறிய கல்லைக் கம்பி நாரால் தேய்த்து, சாம்பல் நிற இரும்பு தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். கையுறை அணிவது நல்லது. நாரிலிருந்து உதிரும் கம்பித் துண்டுகள் கல்லில் ஒட்டியிருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உணவுடன் சேர்ந்து உள்ளே போகும் சிறு கம்பி, தொண்டையிலோ குடலிலோ குத்தக்கூடும். இறுதியாகப் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி, துடைத்து, உடனே அடுப்பில் வைத்து ஈரம் முழுவதும் போகும்வரை சூடாக்குங்கள். காற்றில் உலரட்டும் என்று விட்டுவிட்டால் சில நிமிடங்களிலேயே செம்மஞ்சள் படலம் தோன்றிவிடும்.

கல்லைப் பழக்குதல்

ஈரம் உலர்ந்த கல் கைபொறுக்கும் சூட்டில் இருக்கும்போது, ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான எண்ணெயை உட்புறம், வெளிப்புறம், கைப்பிடி எங்கும் தடவுங்கள். பிறகு, தடவியதை எல்லாம் எடுத்துவிடுவதைப்போல் பருத்தித் துணியால் நன்றாகத் துடையுங்கள். பலர் தவறுவது இவ்விடத்தில்தான். எண்ணெய் அதிகமாக இருந்தால் அது கெட்டியாகாமல் பிசுபிசுப்பாகத் தங்கிவிடும். துடைத்த கல்லை மிதமான தீயில் வைத்து, இலேசாகப் புகை வந்து நிற்கும்வரை சூடாக்கி, தானாக ஆறவிடுங்கள். இவ்வாறு நான்கைந்து முறை செய்தால் கல் கருமை கொள்ளும்.

எந்த எண்ணெய் நல்லது? பிணைந்து கெட்டியாகும் கொழுப்பு அமிலங்கள் மிகுந்த எண்ணெயே இதற்கு ஏற்றது. சூரியகாந்தி எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் அவை கணிசமாக உள்ளன. தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பாதலால் அது எளிதில் பூச்சாக மாறாது.

புகை வரும் வேலையாதலால் சன்னல்களைத் திறந்து வைத்துச் செய்ய வேண்டும். வீட்டில் ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களும் கைக்குழந்தைகளும் இருந்தால் அவ்வேளையில் அவர்கள் வேறோர் அறையில் இருக்கட்டும். விடுதி அறைகளில் மின்தூண்டல் அடுப்பு வைத்திருப்போர் குறைந்த சூட்டில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். சூடான வார்ப்பிரும்பின்மேல் குளிர்ந்த நீரை ஊற்றினால் அது வெடிக்கக்கூடும்.

முதல் சில நாள்கள் வெங்காயம் வதக்குதல், தோசை, அடை போன்றவற்றுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். பிறகு ஒவ்வொரு முறையும் கழுவித் துடைத்துச் சூடாக்கி, ஒரு துளி எண்ணெய் தடவி வைத்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் பாத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது இடையில் ஒரு காகிதம் வைப்பது ஈரத்தைத் தடுக்கும்.

தொழிற்சாலைப் பொருள்கள் அடுக்களைக்கு வேண்டாம்

நம் பகுதிக்கு இந்த எச்சரிக்கை மிகவும் தேவை. வீட்டில் ஒருவர் தொழிற்சாலையில் பணிபுரிந்தால், "நான் அங்கிருந்து மருந்து கொண்டுவந்து ஐந்து நிமிடத்தில் துருவை எடுத்துத் தருகிறேன்" என்று சொல்லக்கூடும். அந்த ஐந்து நிமிடம் பேராபத்தில் முடியலாம்.

துரு நீக்கும் தொழிற்சாலை இரசாயனங்களில் வீரியமிக்க அமிலங்கள் உள்ளன. துருப்பிடிக்காத எஃகில் வெல்டிங் செய்த இடத்தைச் சுத்தம் செய்யும் பிக்லிங் பேஸ்ட்டில் ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் இருக்கும். அது தோலில் பட்டவுடன் வலிக்காமலும் இருக்கலாம். சில மணி நேரம் கழித்துக் கடுமையான வலி தொடங்கும். அதற்குள் அது தசைக்குள் ஊடுருவி, இரத்தத்தில் உள்ள கால்சியத்தைக் குறைத்து, இதயத்துடிப்பையே பாதிக்கக்கூடும். கழிவறை கழுவும் ஆசிட்டும் சமையல் பாத்திரத்துக்கு உரியதன்று. அதனுடன் பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் மூச்சைத் திணறடிக்கும் குளோரின் வாயு வெளிவரும். இவற்றைக் குளிர்பானப் புட்டிகளில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவருவது மிகவும் ஆபத்தானது, குழந்தைகள் குடித்துவிடக்கூடும்.

அமிலம் தோலிலோ கண்ணிலோ பட்டுவிட்டால் உடனே ஓடும் நீரில் குறைந்தது 20 நிமிடங்கள் கழுவிவிட்டு, தாமதமின்றி மருத்துவமனைக்கு வாருங்கள். குடித்துவிட்டவரை வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. 108 எண்ணுக்கு அழையுங்கள். எந்தப் பொருள் என்று தெரிந்தால்தான் சரியான மருந்து கொடுக்க இயலும். ஆகவே அதன் டப்பாவையோ பெயரையோ கட்டாயம் கொண்டுவாருங்கள்.

கிரைண்டிங் இயந்திரத்தால் துருவைச் சுரண்டும்போது பறக்கும் துகள் கண்ணில் பாய்ந்து கருவிழியைக் கிழிக்கலாம். பாதுகாப்புக் கண்ணாடியின்றி இதைச் செய்யவே கூடாது. கண்ணில் துகள் விழுந்தால் கசக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். பேட்டரி சார்ஜரைக் கொண்டு மின்பகுப்பு முறையில் துரு எடுப்பதும், கல்லைப் பழக்க எஞ்சின் எண்ணெய் பூசுவதும் சமையல் பாத்திரத்துக்கு ஒவ்வாதவை.

இரும்புச் சட்டி இரத்தசோகையைத் தீர்க்குமா?

இரும்புப் பாத்திரத்திலிருந்து உணவுக்கு இரும்புச்சத்து சேர்வது உண்மை. உணவு எவ்வளவு புளிப்பாகவும் நீர்ப்பாங்காகவும் இருக்கிறதோ, எவ்வளவு நேரம் கொதிக்கிறதோ, அவ்வளவுக்கு அது கூடும். 1986இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 100 கிராம் ஆப்பிள் கூழில் 0.35 மில்லிகிராமாக இருந்த இரும்பு, இரும்புச் சட்டியில் சமைத்தபின் 7.38 மில்லிகிராம் ஆனது. 1999இல் 'லான்செட்' இதழில் வெளியான எத்தியோப்பிய ஆய்வில், ஓராண்டு இரும்புப் பானையில் சமைத்து உண்ட குழந்தைகளின் ஹீமோகுளோபின் சராசரியாக 1.7 கிராம் கூடியது; அலுமினியப் பானையில் சமைத்து உண்டவர்களுக்கு 0.4 கிராம் மட்டுமே கூடியது.

எனினும் தோசைக்கல்லை மட்டும் நம்பக் கூடாது. தோசை கல்லின்மேல் இருப்பது ஓரிரு நிமிடம்தான். மேலும், கல் எவ்வளவு நன்றாகப் பழகுகிறதோ, அவ்வளவுக்குப் பூச்சு இரும்பை மூடிவிடும். உணவில் சேரும் இரும்பும் குறையும். புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு போன்றவற்றை இரும்புச் சட்டியில் சமைத்தால் கூடுதல் இரும்பு கிடைக்கும். ஆனால் வெந்தவுடன் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் உணவு கறுத்துச் சுவை கெடும், பூச்சும் கரையும். உணவுடன் எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா சேர்ப்பது இரும்பை உடல் ஏற்க உதவும். உண்டவுடன் தேநீரோ காப்பியோ அருந்துவது அதைத் தடுக்கும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, வயது வந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு உணவில் தேவை. ஏற்கெனவே இரத்தசோகை உள்ளவருக்கு அதற்கும் மேல் வேண்டும். ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12 கிராமுக்கும், கருவுற்றவர்களுக்கு 11 கிராமுக்கும், ஆண்களுக்கு 13 கிராமுக்கும் குறைந்தால் அது இரத்தசோகை. அந்நிலையில் மாத்திரையே முதன்மையான மருத்துவம்; இரும்புச் சட்டி அதற்குத் துணை மட்டுமே. அளவு சீரானபின்னும், உடலின் சேமிப்பு நிறைய ஏறத்தாழ மூன்று மாதங்கள் மாத்திரையைத் தொடர வேண்டியிருக்கும். அதைக் கால்சியம் மாத்திரையுடன் சேர்த்து ஒரே வேளையில் உட்கொள்ள வேண்டாம்.

இதைவிட முக்கியமானது, இரும்பு ஏன் குறைந்தது என்பதை அறிவது. மிகுதியான மாதவிடாய்ப் போக்கு, மூலம், வயிற்றுப்புண், கொக்கிப்புழு ஆகியவை இரத்தத்தை மெல்ல இழக்கச் செய்யும். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரத்தசோகை வந்தால், குடலில் புற்றுநோயால் கசிவு உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். பாத்திரத்தை மாற்றிக்கொண்டு பரிசோதனையைத் தள்ளிப்போடுவதால் அத்தகைய நோய் முற்றிவிடும்.

யார் தவிர்க்க வேண்டும்?

எல்லா இரத்தசோகையும் இரும்புக் குறைவால் வருவதன்று. தலசீமியா நோயால் அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்வோரின் உடலில் இரும்பு ஏற்கெனவே மிகுந்து, இதயத்திலும் கல்லீரலிலும் படிந்திருக்கும். அவர்களுக்கும், பரம்பரையாக இரும்பு மிகும் நோய் உள்ளவர்களுக்கும் இரும்புப் பாத்திரச் சமையல் ஏற்றதன்று. ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் இரும்புப் பீப்பாய்களில் வடித்த நாட்டு மதுவை ஆண்டுக்கணக்கில் அருந்தியவர்களுக்கு இரும்பு மிகுந்து கல்லீரல் கெட்டது மருத்துவ நூல்களில் பதிவாகியுள்ளது. நாள்பட்ட கல்லீரல் நோய் உள்ளவர்களும், டயாலிசிஸ் செய்துகொள்வோரும் தங்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே முடிவு செய்ய வேண்டும்.

எடையையும் கருத்தில் கொள்ளுங்கள். வார்ப்பிரும்புத் தோசைக்கல் இரண்டு, மூன்று கிலோ எடை இருக்கும். இதய அறுவைச் சிகிச்சையோ வயிற்று அறுவைச் சிகிச்சையோ முடிந்து வீடு திரும்பியவர்களும், எலும்புத் தேய்மானமும் மணிக்கட்டு வலியும் உள்ள முதியவர்களும் அதைத் தூக்க வேண்டாம். கைப்பிடியும் சூடேறும் என்பதால், நீரிழிவால் கை மரத்துப்போனவர்கள் எப்போதும் தடித்த துணி கொண்டே பிடிக்க வேண்டும்.

உங்கள் வீட்டுப் பரணில் கல் ஒன்று இருந்தால், மேற்சொன்ன முறையில் அதை மீட்டுத் தாராளமாகப் புழங்குங்கள். எளிதில் களைப்பு, படியேறும்போது மூச்சு வாங்குதல், முகம் வெளிறுதல் ஆகியவை யாருக்கேனும் இருந்தால், கல்லைத் தேய்க்கத் தொடங்குமுன் ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்த்தால் ஹீமோகுளோபின் கூடியிருக்கிறதா என்பது தெரியும். கூடவில்லை என்றால், அடுத்த பரிசோதனைகளுக்காக மருத்துவரிடம் வர வேண்டும்.